பின் தாவாரத்துத் தண்ணி

அஸர் பாங்கு சொல்லி முடிந்து, பள்ளியில் தொழுகையும் கலைந்து, ஒழுங்கையால் ஆட்கள் திரும்பி நடக்கிற செருப்புச் சத்தமும் ஓய்ந்த பிறகும் அப்துல் ஹமீட் கக்கூசுக்குள்ளேதான் இருந்தார். தகரக் கதவு சாத்திக் கிடந்தது. வெளியே அவருடைய பெண்சாதி ஸுலைஹா வெறும் வாளியோடு நின்றாள்.

"தண்ணி வந்துட்டா?"

"பொறுங்க, வரும்."

"இதத்தான் அப்பயும் சொன்ன."

"கோவிச்சு என்ன செய்யிற? குழாய்க்கு விளங்கவா போகுது?"

கச்சான் காற்று மூன்று மாதமாக அடித்து வளவு மணலைச் சட்டி வறுத்த மாதிரி ஆக்கி வைத்திருந்தது. சாய்ந்தமருதில் அந்தக் கோடைக்குக் குழாய்த் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வருகிற நூலும் மகளின் முன்வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குத்தான் ஏறும். பின்பக்கத்தில் இருக்கிற இவர்களுக்கு வேண்டுமானால் சுவருக்கு மேலால் ஒரு பச்சை ஹோஸ் கிடக்கிறது. அதைத் திறக்கிற குழாய்ப்பூட்டு முன்வீட்டு முற்றத்தில். ஸுலைஹா சுவரடியில் நின்று, "மகள், கொஞ்சம் திறந்து விடுகா" என்று குரல் கொடுக்க வேண்டும். அன்றைக்கு மகள் நிப்லாவும் மருமகன் றுமைஸும் நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். கேற்றில் பூட்டுத் தொங்கியது. கிணறு என்று ஒன்று இருந்ததுதான். நாலாபக்கமும் கக்கூசுக் குழி வந்து நெருக்கி, தண்ணீர் நாறத் தொடங்கி, மூன்று வருடத்துக்கு முன்னமே அதை மூடியாயிற்று.

ஸுலைஹா அடுத்த ஒழுங்கைக்கு ஓடினாள். அங்கே பஸ்மினா வீட்டில் குடிக்க வைத்திருந்த பரலிலிருந்து அரை வாளி தந்தார்கள். தந்தவள் நல்லவள்தான். ஆனாலும், "குடிக்கிற தண்ணி ராத்தா, பார்த்துப் பாவிங்க" என்று சொல்லித்தான் தந்தாள். அதைக் கொண்டுவந்து கதவிடுக்கால் நீட்டியபோது பொழுது பட்டு, மஃரிபு பாங்கே கேட்டது.

ஹமீட் நாலுகால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்குச் சுவர் பூசும்போது சாரம் சரிந்து விழுந்து இடுப்பு உடைந்த நாளிலிருந்து அந்தத் தாங்கிதான் அவருக்குக் கால். பெண்சாதியின் முகத்தைப் பாராமல் கதிரையில் போய் அமர்ந்தார்.

"அஸர் போயிட்டு" என்றார். "இனி நேரம் தப்பிக் களாத்தான் தொழணும்."

ஒரு மனிசன் இரண்டு மணித்தியாலத்துக்கு மேலே தன் அசுத்தத்தோடு குந்தியிருந்துவிட்டு வந்தால், அவனிடம் கதைக்க என்ன இருக்கிறது? ஸுலைஹா குசினிக்குள் போய் நாளைக்கு இடியப்பத்துக்கு மா வறுத்தாள். வறுத்தாள் என்றால், அகப்பை சட்டியில் பட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

மஃரிபுக்குப் பிறகு ஒரு கோப்பை பிளேன்ரீயும் இரண்டு ரொட்டித் துண்டும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு மேலே பார்த்தாள். முன்வீட்டுக் கூரை பின்பக்கமாகச் சரிந்து இவர்களுடைய முற்றத்துக்கு மேலே வந்து நின்றது.

"இஞ்சேருங்க, இந்தக் கூரைய ஏன் இஞ்சாலைக்குச் சரிச்ச?"

ஹமீட் ரொட்டியைத் தேநீரில் தோய்த்தார்.

"முன்னுக்கு மதிலுயர்த்திக் கட்டினாத்தானே வீட்டுக்கு ஒரு முகம் வாற? மதிலடியில தண்ணி நிண்டா கசியும். அதால முழுத் தண்ணியையும் பின்னுக்குத் தள்ளின."

"பின்னுக்கு ஆர் இரிக்கிற?"

அவர் முப்பது வருடம் மேசன் வேலை செய்தவர். ஊரானுக்கு வீடு கட்டும்போது அழகு எல்லாம் தெருவுக்கு, அழுக்கும் தண்ணியும் பின்னுக்கு என்பதுதான் கை பழகிய கணக்கு. மகளுக்குச் சீதன வீடு கட்டும்போதும் அந்தக் கை அப்படியே ஓடிவிட்டது. வீட்டைக் கட்டி, மகளின் பெயருக்கு எழுதி, மாப்பிள்ளையை உள்ளே கூட்டி வந்து, உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் குசினியோடு ஒட்டிய இரண்டு அறைக்குள் ஒதுங்குவது இந்தப் பக்கத்து வழமை. பின்னுக்கு வரப்போகிறவன் தான்தான் என்பது அவருக்குக் கூரைச் சரிவுக்கு வாட்டம் வைக்கும்போது நினைவில் வரவேயில்லை. மாரி வந்தால் முப்பதடி அகலக் கூரையின் தண்ணீர் முழுவதும் இவர்களுடைய முற்றத்தில் வந்து விழும். மணலை அரித்து வாய்க்கால் வெட்டும். ஸுலைஹாவின் பொன்னாங்காணிப் பாத்தியையும் வல்லாரையையும் அழுகவைக்கும். மாரி போனால் அந்தப் பாத்தியே பஞ்சாகக் காயும்.

"மறந்துதான் போன" என்றார் கடைசியில்.

"மறந்தது நல்லம்" என்றாள் ஸுலைஹா. "இனி அந்தத் தண்ணி எனக்கு வேணும். ஒரு சொட்டு விடாம. கக்கூசுக்கும் பாத்திக்கும் காணும். கனகரெத்தினம் அண்ணனுக்குச் சொல்லி அனுப்புங்க."

"மருமகனிட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு…"

"அந்தக் கேக்கிறதுக்குத்தான் முடிவு கட்டப் போறன்."

கனகரெத்தினம் சொறிக்கல்முனைக்காரர். ஹமீடோடு இருபது வருடம் ஒரே சாரத்தில் நின்றவர். குழாய் வேலை, தகர வேலை இரண்டும் தெரியும். ஹமீடைக் 'காக்கா' என்று அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடுவார். வந்த அன்று மோட்டார் சைக்கிளின் பின்னால் நாலு இஞ்சிப் பழைய குழாய்கள் இரண்டைக் கட்டிக்கொண்டு வந்தார். குழாயின் முனை ஒழுங்கை மதில்களை எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தது.

"என்ன காக்கா, பாலம் கட்டப் போறயளோ?"

"உன்ட தங்கச்சி கடல இஞ்சால கொண்டு வரச் சொல்றாள்."

"கடல் வேணா அண்ணன்" என்றாள் ஸுலைஹா. "கடல் சுனாமிக்கு ஒருக்கா வந்தது காணும். மழை போதும்."

மூன்று நாள் வேலை நடந்தது. கனகரெத்தினம் குழாயின் மேல் நீல நூலை இழுத்துத் தட்டிக் கோடு போட்டு, வாளால் நீளத்துக்குப் பிளந்தார். ஒரு குழாய், கூரைத் தண்ணீரை ஏந்துகிற இரண்டு பீலியானது. ஹமீட் கதிரையில் இருந்தபடி கட்டளை போட்டார். "ஐஞ்சடிக்குக் கால் இஞ்சி வாட்டம். கூடினா தண்ணி ஓடிப்போய் விளிம்பால பாயும். குறைஞ்சா இலை தங்கும்." தண்ணீர்த் தாங்கிக்கு, எங்கேயோ தூர்ந்துபோன கிணறொன்றின் சீமெந்து வளையக் கொட்டு மூன்றைக் கனகரெத்தினம் லான்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றி வந்தார். ஒன்றில் வெடிப்பு. அவற்றை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, அடியைச் சீமெந்து போட்டு மூடி, உள்ளுக்குப் பூச வேண்டும். பூசினது ஸுலைஹா. முக்காட்டைப் பின்னால் இறுக்கி முடிந்து, கொட்டுக்குள் இறங்கி, கரண்டி பிடித்தாள்.

"கரண்டியத் தாழ்த்திப் பிடி புள்ள. சோறு போடுற மாதிரியா?"

"சோறு போட்ட கைதான் இது. நீங்க திண்டுட்டுத்தானே இவ்வளவும் கதைக்கிற."

"வெடிப்புக்குள்ள கலவை ஏறல்ல. அமத்து. இன்னும் அமத்து."

"அமத்துறன். வெளியில இருந்து பார்த்தா என்ட இடுப்பும் உங்கட மாதிரித்தான் போகும் எண்டு தெரியாதா?"

கனகரெத்தினம் பிளந்த குழாயைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "காக்கா, முப்பது வருசம் கையாளுக்குப் பேசினயள். இப்ப கையாள் உங்களுக்குப் பேசுது."

பகலுக்கு மரவள்ளிக் கிழங்கு அவித்து மாசிச் சம்பலோடு வைத்தாள். கீரிமீன் ஆணமும் கொஞ்சம் இருந்தது. தாங்கியின் அடியில் ஒரு குழாய்ப்பூட்டு வைத்து, அதிலிருந்து கக்கூசுத் தொட்டிக்கு ஒரு குழாய், பாத்திப் பக்கத்துக்கு ஒரு குழாய். மூன்றாம் நாள் பின்னேரம் பீலியைக் கூரை விளிம்புத் தாவாரப் பலகையில் வைத்து இஸ்குறு இறுக்கியாயிற்று. பீலி முடிகிற இடத்தில் ஒரு முழங்கைக் குழாய், இந்தப் பக்கம் திருப்பினால் தாங்கிக்கு, அந்தப் பக்கம் திருப்பினால் வெளியே.

"முதல் மழையப் பிடிக்காதங்க" என்று கனகரெத்தினம் போகும்போது சொன்னார். "அது காக்காய்ப் பீயும் தூசியும். கூரை கழுவுப்பட்டு முடியட்டும், மறுகா திருப்புங்க."

அன்றைக்கு மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தித்தான் றுமைஸ் கடையால் வந்தான். கல்முனையில் தரைக்கல் விற்கிற கடையொன்றில் அவன் மேற்பார்வை. சேட்டு மடிப்புக் கலையாத மனிசன். பின்படிக்கு வந்து நின்று மேலே பார்த்தான்.

ஆறு வருடமாக ஸுலைஹா மருமகனோடு நேருக்கு நேர் கதைத்ததில்லை. வெறுப்பால் இல்லை. மாப்பிள்ளை என்றால் அவ்வளவு மரியாதை. மாமி முக்காட்டை இழுத்துக் கதவுக்குப் பின்னால் நிற்பாள், கதை மகளின் வாயால் போய் மகளின் வாயால் வரும். அன்றைக்கும் அவள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். நடுமுற்றத்தில் நிப்லா, இடுப்பில் பிள்ளையோடு.

"நிப்லா, உம்மாட்டக் கேளு. ஆரைக் கேட்டு எங்கட பலகையில ஆணி அடிச்சதாம்?"

"உம்மா, ஆரைக் கேட்டு ஆணி அடிச்சதாம்?"

"ஆணி இல்ல, இஸ்குறு எண்டு சொல்லு."

"இஸ்குறாம்."

"எனக்குக் காது கேக்குது" என்றான் றுமைஸ். "போன வருசம்தான் பெயின்ற் அடிச்ச பலகை. வீட்டுக்கு ஆக்கள் வந்தா என்ன சொல்லுவாங்க? மாமாவையும் மாமியையும் மழைத்தண்ணியில வச்சிருக்கான் எண்டுதானே? அந்தக் கொட்டுக்குள்ள நுளம்பு வந்தா? டெங்கு எண்டு பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறது ஆர்?"

"உம்மா, நுளம்பு வருமாம்."

"வாய்க்கு நுளம்பு வலை தச்சுப் போட்டிரிக்கி. பெரிய அரிசி மூட்டைக்குத் தைக்கிற ஊசியால ரெண்டு வரி. நுளம்பு வேணுமெண்டா அவருட முற்றத்துப் பூச்சாடியில பார்க்கச் சொல்லு."

நிப்லா அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"மாமாக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரியாதா?" றுமைஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நான் எப்பயாவது தண்ணி தர மாட்டன் எண்டு சொன்னனா? ஒரு வார்த்தை கேட்டாத் திறந்து விடுறதுதானே?"

குசினிக் கதவு திறந்தது. ஸுலைஹா படியிறங்கி முற்றத்துக்கு வந்தாள். முக்காடு இருந்தது, கதவுதான் இருக்கவில்லை. நிப்லா வாயைப் பொத்தினாள்.

"மருமகன்" என்றாள். "மூணு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கம். ஒரு நாளைக்கு அஞ்சு நேரம் தொழுகை. அஞ்சு நேரமும் சுவரடியில நிண்டு தண்ணி கேக்கிறதும் தொழுகை மாதிரி ஆயிட்டு. நீங்க மாட்டன் எண்டு சொல்லல்ல. அது உண்மை. அண்டைக்கு நீங்க நிந்தவூரில. உங்கட மாமாக்கு வயிறு உங்களக் கேட்டுக்கிட்டா வாற?"

றுமைஸ் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தான். மாமியின் முகத்தைப் பார்த்துப் பழகாத கண்.

"கூரை எங்கட, மாமி" என்றான் மெதுவாக. அவனும் நேரடியாகத்தான் சொன்னான்.

"ஓம். வீட்ட எழுதித் தந்தது நாங்கதான். மழைய எழுதித் தரல்ல."

"அப்ப மரைக்கார் வந்து சொல்லட்டும்."

"வரட்டும். நானும் தேத்தண்ணி வைக்கன்."

மீராசாஹிபு மரைக்கார் ஸுலைஹாவின் தாய்வழிக் குடிக்குப் பெரியவர். கலியாணமோ, பிரிவோ, வேலிச் சண்டையோ, முதலில் அவருடைய கதிரைக்கு முன்னால் வந்துதான் பள்ளிக்குப் போகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தார். வெள்ளைச் சாறன், அத்தர் வாசம், கையில் குடை. பின்முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்து, பீலியைப் பார்த்தார், தாங்கியைத் தட்டிப் பார்த்தார், நுளம்பு வலையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆர் பூசின?"

"இவள்தான்" என்றார் ஹமீட்.

"நல்லாத்தான் இரிக்கி. என்ட வீட்டு மதிலுக்கு வாறயா புள்ள?"

"உங்கட மருமகன் விட்டா வாறன் காக்கா."

மரைக்கார் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடிந்து, இரண்டு பக்கத்துக் கதையையும் கேட்டு, தாடியைத் தடவினார். "இது பெரிய விசயமே இல்ல. பீலி இருக்கட்டும். தண்ணியும் ஓடட்டும். மருமகனுக்கும் ஒரு மரியாதை வேணும். ஸுலைஹா, நீ ஒரு வார்த்தை கேட்டுடு. 'மருமகன், பீலி பூட்டிக்கிறன்' எண்டு. அவர் 'ஓம்' எண்டு சொல்லிடுவார். முடிஞ்சு."

"கேட்டா நான் மாட்டன் எண்டா சொல்லப் போறன்?" என்றான் றுமைஸ். உண்மையாகவே அவன் முகம் தெளிந்திருந்தது. நிப்லா உம்மாவைப் பார்த்தாள். கேளு உம்மா என்று கண்ணால் கெஞ்சினாள்.

ஸுலைஹா பீலியை அண்ணாந்து பார்த்தாள். முற்றத்தில் ஒரு காகம் வந்து பீலியில் இருந்தது, போனது.

ஹமீட் நாலுகால் தாங்கியைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "சரி, நான் கேக்கன். மருமகன்…"

"நீங்க வாயத் தொறக்காதங்க." ஸுலைஹாவின் கை அவருடைய தோளில் விழுந்தது. "அண்டைக்கு உள்ளுக்கிருந்து நீங்க கேட்டது காணும். இனி ஆரிட்டயும் கேக்கத் தேவல்ல."

"ஒரு வார்த்தைதானே புள்ள" என்றார் மரைக்கார்.

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காக்கா இவ்வளவு சீமெந்தும் குழைச்ச. இண்டைக்குப் பீலிக்குக் கேட்டா நாளைக்குப் பூட்டுத் திறக்கக் கேக்கணும். மறுகா அள்ளக் கேக்கணும். சுவரடி மாறும், நான் நிக்கிறது மாறாது."

"அப்ப கழட்டத்தான் வேணும்" என்றார் மரைக்கார். அவருக்கும் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது. "பலகை அவங்கட. நான் வேற மாதிரிச் சொல்ல ஏலா."

"சரி. ஒண்டு மட்டும் சொல்லுங்க. இந்தப் பின்வளவு ஆருட?"

"இது உன்ட. உன்ட உம்மாட முதுசம். நீ இத எழுதிக் குடுக்கல்ல. எனக்கு நல்லாத் தெரியும்."

"கூரையில இருந்து இஞ்ச விழுற தண்ணி?"

மரைக்கார் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "விழுந்தா… விழுந்த இடத்துக்காரிட."

"அது காணும்" என்றாள் ஸுலைஹா. குசினிக்குள் போய்த் திருப்புளியோடு வந்தாள். ஒரு வாங்கை இழுத்துப் போட்டு ஏறி, பத்தொன்பது இஸ்குறையும் தானே கழற்றினாள். கழற்றிய ஓட்டை ஒவ்வொன்றிலும் சவர்க்காரத் துண்டைத் தேய்த்து அடைத்தாள், பலகைக்குள் தண்ணீர் போகாமல் இருக்க. றுமைஸ் பார்த்துக்கொண்டே நின்றான். பிடிக்கட்டுமா என்று கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை, அப்பால் போகவும் கால் வரவில்லை. மரைக்கார் ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, சலாம் சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை கனகரெத்தினம் திரும்பவும் வந்தார். இந்த முறை ஏழு கம்பும், கோழிக்கூட்டுக்குப் போட்டிருந்த பழைய தகரமும். வளவு மணலில் குழி தோண்டிக் கம்புகளை வரிசையாக நட்டு, அவற்றின் தலையில் தகரத்தை வளைத்துப் பீலியாகக் கிடத்த வேண்டும். தாவாரத்துக்குக் கீழே, தாவாரத்தைத் தொடாமல்.

"எவ்வளவு இடைவெளி காக்கா?"

"ஒரு விரல்" என்றார் ஹமீட். "முட்டக் கூடாது. அகலம் ஒண்டரை அடி வேணும். தூறல் எண்டா கூரைச் சீற்றின்ட நுனியில தொங்கிக் கிட்ட விழும். பெருமழை எண்டா தூர எகிறும். ரெண்டையும் பிடிக்கணும்."

கனகரெத்தினம் வேலை முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். "வீட்டுக்குப் பீலி வைக்கிறதத்தான் கண்டிருக்கன். பீலிக்கெண்டு தனியா ஒரு வீடு கட்டினது இஞ்சதான் காக்கா."

ஒழுங்கையில் செய்தி பரவிப் பெண்கள் வந்து பார்த்துப் போனார்கள். சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். "வாப்பாவும் உம்மாவும் மகள்ட கூரையத் தொடாம ஒரு விரல் விட்டு நிக்கிறாங்க, இது என்ன வேலை" என்று ஒருத்தி வாய்க்குள் சொன்னாள். ஸுலைஹாவுக்குக் கேட்டது. "ஓம்கா, தொடல்ல. தொட்டாத்தானே கேக்கணும்" என்று பாத்தியைக் கொத்திக்கொண்டே சொன்னாள்.

கச்சான் ஒரு நாள் பட்டென்று நின்றது. காற்று வடக்குப் பக்கமாகத் திரும்பி, கடல் கறுத்தது. கரைவலைக்காரர்கள் தோணிகளை மேட்டுக்கு இழுத்தார்கள். முதல் மழை ஒரு விடியற்காலை வந்தது. ஸுலைஹா இடியப்ப உரலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் முழங்கைக் குழாயை வெளிப்பக்கம் திருப்பினாள். காக்காய் எச்சமும் முருங்கை இலையும் ஆறுமாதத் தூசியும் கறுப்பாக வழிந்தன. நனைந்துகொண்டே நின்று, கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். தண்ணீர் வெளிறி, பிறகு தெளிந்து, உள்ளங்கை ரேகை தெரிகிற அளவுக்கு வந்தபோது முழங்கையை உள்ளே திருப்பினாள்.

தாங்கிக்குள் விழுந்த சத்தம் முதலில் தகரம் தட்டினது போல இருந்தது. பிறகு ஆழமாகிக் கனத்தது.

அன்றைக்கு நடுப்பகல் ளுஹருக்கு ஹமீட் தாமாகவே குழாய்ப்பூட்டைத் திறந்து, தொட்டி நிறையும்வரை பார்த்துக்கொண்டு நின்று, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஊற்றினார், ஊற்றினார், கழுவின நிலத்தையே திரும்பக் கழுவினார். வெளியே வந்து அந்தத் தண்ணீரிலேயே முகம் கைகால் கழுவி வுளூச் செய்தார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "உப்பே இல்ல."

"மழையில உப்பு எங்கால வாற?" என்றாள் ஸுலைஹா. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் மழை வேறு முகம் காட்டியது. காற்று கடல் பக்கத்திலிருந்து சுவரைப் போல வந்து மோதியது. கூரைத் தண்ணீர் பீலி கொள்ளாமல் பாய்ந்தது. ஊறின மணல் இளகி, நடுவில் இருந்த கம்பு ஒன்று ஒரு பக்கம் சரிந்தது. பீலி வளைந்து, தண்ணீர் தாங்கிக்குப் போகாமல் பாத்திக்குள் கொட்டத் தொடங்கியது.

ஸுலைஹா பாய்ந்துபோய்க் கம்புக்குத் தோளைக் கொடுத்தாள். முழுப் பீலியின் பாரமும் அவளுடைய கழுத்துக்கு வந்தது.

"இஞ்சேருங்க! கல்லு!"

ஹமீட் நாலுகால் தாங்கியை மழைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். வந்து அதைத் தூக்கி எறிந்துவிட்டு முழங்காலில் விழுந்தார். பாத்தி ஓரத்தில் கிடந்த இரண்டு செங்கல்லைக் கம்படியில் செருகி, கையாலேயே மணலை அமத்தினார். மணல் அமத்த அமத்த வழுகியது.

"நிமித்து! இன்னும்!"

"ஏலுமெண்டாத்தானே நிமித்துற! கழுத்து முறியப் போகுது!"

முன்வீட்டுப் பின்கதவு திறந்தது. றுமைஸ் படியில் நின்றான், கடைக்குப் போட்ட காற்சட்டையோடு, குடையை விரித்தபடி. குடை காற்றில் மடங்கிப் பின்னால் போனது.

"மாமி… நான் பிடிக்கட்டா?"

"கேக்கிறத விட்டுட்டுப் பிடிங்க மருமகன்!"

றுமைஸ் குடையைப் போட்டுவிட்டு இறங்கினான். பளபளக்கிற சப்பாத்து கணுக்கால்வரை சேற்றுக்குள் போனது. இரண்டு கையாலும் கம்பைப் பிடித்து மேலே தள்ளினான். ஸுலைஹாவின் தோளிலிருந்து பாரம் கழன்றது. அவள் அவனை விட்டுப் போகவில்லை. மற்றப் பக்கமாக நின்று தானும் பிடித்தாள். மழை மூன்று பேரையும் ஒரேயடியாக அடித்தது.

"வலத்தால… உங்கட வலம் மருமகன், என்ட இல்ல!" ஹமீட் சேற்றுக்குள் இருந்து கத்தினார். கையாளுக்குப் பேசுகிற பழைய குரல். "இந்தா, இன்னொரு கல்லு. அமத்து ஸுலைஹா, காலால அமத்து! சோறு போடுற மாதிரியா?"

"நான் போடுற சோத்துக்கு நாளைக்கு வாங்க, சொல்லித் தாறன்!"

றுமைஸ் சிரித்துவிட்டான். சிரித்ததில் மழைத் தண்ணீர் வாய்க்குள் போய் இருமினான். பின்கதவில் பிள்ளையோடு நின்ற நிப்லா என்ன செய்வது என்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

கம்பு நின்றது. பீலிக்குள் தண்ணீர் திரும்பவும் ஒழுங்காய்த் திரும்பி, தாங்கிக்குள் குடுகுடுவென்று இறங்கியது.

"மேல பாருங்க" என்றார் ஹமீட். "பீலி தாவாரத்தில முட்டுதா?"

றுமைஸ் கண்ணைச் சுருக்கி மழைக்குள் அண்ணாந்து பார்த்தான். "ஒரு விரல் இடைவெளி இரிக்கி மாமா. இழுத்துப் பலகையில வச்சே இறுக்கிட்டா இனிச் சரியாது. நான் இஸ்குறு கொண்டு வாறன்."

ஸுலைஹா நெற்றியில் ஒட்டியிருந்த முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"அது அப்பிடியே நிக்கட்டும் மருமகன்" என்றாள். "நீங்க கம்பப் பிடிங்க."